காவி என்று எழுதியிருந்த அட்டை

பிரதீப்,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுத்தவள் உன் தங்கச்சி வினோ. முதலில் அவளை உட்கார வை. எல்ல ஊர் ரயில்வே ஸ்டேஷனில் இறங்கி, நீ வேலை செய்கிற ஹோட்டல் இருக்கிற அந்த மேட்டை ஏறி வந்திருக்கிறாள். மூச்சு வாங்கும், கேட்டால் இல்லை என்பாள். ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடு. உன்னோடு வேலை செய்கிறவர்கள் யாராவது "யாரு இது?" என்று கேட்டால் தங்கச்சி என்று சொல். பக்கத்து லயத்து வீட்டுப் பிள்ளை, தெரிந்தவர்கள் வீட்டுப் பிள்ளை என்று எதையாவது சொல்லிச் சமாளிக்காதே. அவளுக்குக் காது நன்றாகவே கேட்கும். அவள் உட்கார்ந்த பிறகு இதைப் படி.

போனிலேயே பேசி முடித்திருப்பேன், நீ எடுத்தால்தானே? கடைசியாக எடுத்த அன்றும் "இதப் பத்தி இனிமே பேசாதீங்கம்மா" என்று பாதியில் வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. மடித்துப் பாக்கெட்டில் போட்டாலும் மீதி அங்கேயேதான் இருக்கும். உறையை நான் ஒட்டவில்லை, கவனித்தாயா? வினோவைப் பற்றியும் இதில் எழுதியிருப்பதால் அவளிடம்தான் முதலில் காட்டினேன். உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உன் கல்யாணச் சேதி ஒரு முடிவுக்கு வந்த பிறகு, பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிற அம்மாமார் கேட்டால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். ஒளித்து வைத்துக் குடும்பம் நடத்தியது போதும்.

இன்னும் பன்னிரண்டு நாளில் உனக்குக் கல்யாணப் பதிவு. வினோவுக்கு இருக்கிற தலசீமியா உன் ரத்தத்திலும் பாதியாக இருக்கிறது. அதனால் உனக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் நீ கட்டுகிற பெண்ணுக்கும் அதே மாதிரி பாதி இருந்துவிட்டால், உங்களுக்குப் பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இன்னொரு வினோவாகப் பிறக்க நாலில் ஒரு பங்கு வழி இருக்கிறது. கௌசிக்கு இருக்கிறதா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்பதே அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்தவன் நீ. தெரிந்தவள் நான். எனக்குச் சோறு இறங்கி எத்தனை நாளாகிறது தெரியுமா?

பெண் வீட்டார் நம் வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, வினோவை எங்கே வைத்திருந்தேன் என்று நீ கேட்கவே இல்லை. இப்போது தெரிந்துகொள். ஞாயிறு என்பதால் பிள்ளைக் காம்பரா பூட்டியிருந்தது, ஆயா என்ற முறையில் சாவி என்னிடம் இருந்தது. காலையிலேயே அவளைக் கூட்டிப்போய், ஒரு சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் போத்தலும் கொடுத்து, "சத்தம் போடாம இரு, அவங்க போனதும் வந்து தொறக்குறேன்" என்று சொல்லி வெளியே பூட்டுப் போட்டேன். இருபத்தொரு வயதுப் பெண். தொங்குகிற தொட்டில் சேலைகளுக்கு நடுவில், குழந்தைகள் உட்கார்கிற குட்டைப் பலகையில், பிற்பகல் மூன்று மணிவரை உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பூத்த கண்ணையும் பதினாலு வயதோடு நின்றுபோன உயரத்தையும் பார்த்தால் யாராவது ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள் என்று எனக்குப் பயம். பெற்ற பிள்ளையைப் பூட்டி வைத்த கையால்தான் வந்தவர்களுக்கு முறுக்குத் தட்டை நீட்டினேன்.

கௌசியின் தாய்மாமன், அந்த வழுக்கைத் தலைக்காரர், நல்ல மனுசன். முறுக்கைக் கடித்துக்கொண்டே, "தம்பிக்கு ஒரு தங்கச்சி இருக்காமே, காணோமே?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அது கொழும்புல வேல செய்யுதுங்க, லீவு கெடைக்கல." எவ்வளவு சரளமாக வந்தது உனக்கு! அடுத்தது அதைவிடப் பெரிய கூத்து. "இப்பல்லாம் ஜாதகம் மட்டும் பாத்தா பத்தாதுங்க. ரத்தப் பொருத்தம் பாக்கணும்னு டீவியில சொல்றாங்க. எங்க புள்ளைக்கு ஓ பாசிடிவ். மாப்பிள்ளைக்கு என்னாங்க?" என்று அவர் கேட்டார். "எனக்கும் ஓ பாசிடிவ்தாங்க" என்றாய். "அட, பொருந்திருச்சு!" என்று அவர் தொடையில் தட்ட, வீடே சிரித்தது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ரத்தப் பொருத்தம் என்றால் இரண்டு பேருக்கும் ரத்த வகை ஒன்றாக இருப்பது என்று மனதார நம்பினார். நம் தோட்டத்திலும் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வேறு பரிசோதனை, ரத்த வகைக்கும் தலசீமியாவுக்கும் சம்பந்தமே இல்லை என்று தெரிந்தவர்கள் அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். உன் அப்பா கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டீ ஊற்றினேன். நீ எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாய்.

அவர்கள் போன பிறகு காம்பராவைத் திறக்கப் போனேன். என்ன நடந்தது என்று வினோ கேட்டாள், சொன்னேன். "ஏம்மா, கொழும்புல அண்ணன் எனக்கு என்ன வேல வாங்கிக் குடுத்திருக்காரு? கரண்ட் ஃபேன் உள்ள ஆபீஸா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள்தான் என் கண்ணைத் துடைத்துவிட்டு, தொட்டில் சேலைகளை எல்லாம் மடித்து வைத்திருந்ததைக் காட்டினாள். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்கவில்லையாம்.

அந்த வாரம்தான் உன்னோடு போனில் சண்டை போட்டேன். "சொன்னா கல்யாணம் நின்னுடும்மா. நாலுல ஒண்ணுதானே, அதுவும் அவளுக்கும் இருந்தாத்தானே? மொதல்ல கட்டிக்குவோம், அப்புறமா டெஸ்ட் எடுத்துக்கலாம்" என்றாய். நாலில் ஒன்று என்று சொல்வது உனக்குச் சுலபமாக இருக்கிறது. அந்த ஒன்று இப்போது உன் எதிரில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருக்கிறது, அதன் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை சொல். பிறகு ஒன்று சொன்னாய். "கற்பூரம் அடிக்க வச்சது நீங்கதானே? இப்ப என்ன புதுசா நாயம் பேசுறீங்க?" என்றாய். ஆமாம், நான்தான். நீ பொய்க்காரனாகப் பிறக்கவில்லை, நான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போவதற்கு அதுதான் காரணம். நடந்ததை ஒழுங்காகச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் இல்லை.

வினோ கைக்குழந்தையாக இருக்கும்போதே வெளுத்துக் கிடந்தாள். உனக்கு அப்போது ஏழு வயது, "பாப்பா ஏம்மா சுண்ணாம்பு மாதிரி இருக்கு?" என்று கேட்பாய். தோட்டத்தில் வெளுத்த பிள்ளையைப் பார்த்தால் எல்லோர் வாயிலும் வருவது ஒரே பேச்சு, "ரத்தம் பத்தல." மருந்துக் காம்பராவில் இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். எனக்கு அது போதவில்லை. அடுத்த லயத்தில் ஒருத்தி தன் பிள்ளைக்குக் கொடுக்காமல் வைத்திருந்ததையும் கேட்டு வாங்கி, தேனில் குழைத்து இரட்டிப்பாக ஊட்டினேன். ஈரல் கிடைத்தால் அவித்து மசித்துக் கொடுத்தேன், முருங்கைக்கீரைச் சாறு பிழிந்து கொடுத்தேன். வயிறு உப்பிக்கொண்டு வந்தது. பூச்சி என்றார்கள், அதற்கும் மருந்து கொடுத்தேன். கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில்தான் இது தலசீமியா என்று பெயர் தெரிந்தது. அவள் உடம்பில் ஊறுகிற ரத்தம் நிற்பதில்லை, சீக்கிரமே சிதைந்துவிடுகிறது, மாதா மாதம் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார்கள். ஏற்றுகிற ரத்தத்தால் இரும்பு சேர்ந்து நெஞ்சையும் ஈரலையும் கெடுக்கும், அதை வெளியே எடுக்கத் தனி மருந்து என்றார்கள். எது அவளுக்கு ஆகாதோ அதை நான் தேனில் குழைத்து ஊட்டியிருக்கிறேன். தெரியாமல் செய்ததுதான் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். ஆனாலும் அன்றிலிருந்து நம் வீட்டுக்குள் தேன் போத்தலை நான் விட்டதில்லை.

செய்தி தெரிந்ததும் உன் அத்தை, அப்பாவின் அக்கா, வாசலில் நின்று, "எங்க வம்சத்துல இப்படி ஒரு சீக்கு கெடையாது, இவ வயித்துலதான் கோளாறு" என்று ஊர் கேட்கக் கத்தினார். நான் உன் அப்பாவுக்குச் சொந்த மாமன் மகள். அவர் வம்சமும் என் வம்சமும் ஒன்றுதான் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. ஆம்பளைக்கு எதுக்கு டெஸ்ட் என்று உன் அப்பா ஒரு மாதம் இழுத்தடித்தார். கடைசியில் போய்க் கொடுத்தார், இரண்டு பேருக்கும் இருந்தது. அதற்குப் பிறகு உன் அத்தை கத்தவில்லை, நம் வீட்டுக்கு வருவதையே விட்டுவிட்டார். பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் தங்கள் பிள்ளைகளை இழுத்துப் பின்னால் நிறுத்திக்கொள்கிறவர்களும் இருந்தார்கள். ஒட்டிக்கொள்ளுமாம். மாதா மாதம் ரத்தம் ஏற்றுகிறாள் என்பதால் அவளுக்கு ரத்தக்காட்டேரி என்று பெயர் வைத்தார்கள். அப்படிக் கூப்பிட்ட பையனை நீ பீலிக் கல்லில் தள்ளி, உன் சட்டை கிழிய அடித்துவிட்டு வந்தது நினைவிருக்கிறதா? "இனி எவனாவது சொல்லட்டும் பாக்கலாம்" என்று மூக்கில் ரத்தத்தோடு நின்றாய். நான் உன்னைத் திட்டினேன், ஆனால் உள்ளுக்குள் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியாது. அந்தப் பிள்ளைதான் தங்கச்சியைக் கொழும்புக்கு அனுப்பி வைத்தான் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். சில வாரம் கழித்து ஓர் அட்டை கொடுத்தார்கள். நீ அதைச் சட்டைப் பையில் வைத்து ஓடி வந்து, "அம்மா, நான் காவியாம்" என்றாய், ஏதோ பரிசு வாங்கினவன் மாதிரி. நான் வாங்கிப் பார்த்தேன். மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. சிங்களம் எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். தமிழில், உன் பெயருக்குக் கீழே, "தலசீமியா காவி." எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நமக்குக் காவி என்றால் சாமியார் கட்டுகிற துணி, வேறு என்ன? இவனுக்குக் கல்யாணம் கூடாது, பெண்டாட்டி பிள்ளை கூடாது, காவி கட்டிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று ஆஸ்பத்திரியே சீல் அடித்து எழுதிக் கொடுத்துவிட்டதாக நினைத்தேன். சிரிக்கிறாயா? சிரி. நான் அன்று அடுப்படியில் உட்கார்ந்து, சோறு தீய்ந்தது கூடத் தெரியாமல் அழுதேன். இரண்டு பிள்ளையில் ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று சாமிக்கு என்று ஆகிவிட்டதே என்று அழுதேன்.

மறுநாள் உன்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். கற்பூரம் ஏற்றி, "இந்த அட்டையப் பத்தி யார்கிட்டயும் சொல்லக்கூடாது. யாரு கேட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்லு. அடிச்சு சத்தியம் பண்ணு" என்றேன். உனக்கு விளங்கவில்லை. "ஏம்மா? டீச்சர் எல்லாருக்கும் சொல்லச் சொன்னாங்களே" என்றாய். உன் கையைப் பிடித்து நானே கற்பூரத்தின் மேல் அடித்து அணைத்தேன். உள்ளங்கை லேசாகச் சுட்டுவிட்டது. அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். பதினாலு வயதில் உனக்கு நான் கொடுத்த பாடம் அதுதான். உண்மை தெரிந்தால் உன்னை யாரும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள், அதனால் வாயை மூடு.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. வினோவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது, வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு நர்ஸ் பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தார். "வேற பிள்ளையள் இருக்கினமோ அம்மா? பரிசோதிச்சதோ?" என்று கேட்டார். தயங்கித் தயங்கி, மூத்தவனுக்குக் காவி என்று எழுதியிருக்கிறார்கள், அவனுக்குக் கல்யாணமே ஆகாதுதானே என்று கேட்டேன். அவர் முதலில் விளங்காமல் பார்த்தார், பிறகு சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஐயோ அம்மா, காவி எண்டால் காவுறவர். சுமந்துகொண்டு போறவர். அவருக்கு வருத்தம் இல்லை. காவி இல்லாத பிள்ளையைப் பார்த்துத் தாராளமாக் கட்டலாம், பிள்ளையளுக்கு இந்த வருத்தம் வராது. ரெண்டு பேரும் காவியெண்டால்தான் யோசிக்க வேணும்" என்றார். அவர்கள் ஊரில் தூக்கிக்கொண்டு போவதைக் காவுவது என்றும், நோயை வருத்தம் என்றும் சொல்வார்களாம். நம் பக்கத்தில் அந்தப் பேச்சு ஏது? சுமப்பவன் என்று எழுதியிருந்தால் எனக்கு அன்றே விளங்கியிருக்கும்.

சொல் விளங்காதது என் குற்றமில்லை என்று வைத்துக்கொள். விளங்கிய பிறகு என்ன செய்தேன்? அன்று மாலை பஸ்ஸில் வரும்போது, வீட்டுக்குப் போனதும் பிரதீப்பிடம் சொல்லிவிட வேண்டும், சத்தியத்தை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். நம் ஊர் தெமோதரையில் இறங்கும்போது, நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு நாளைக்கு என்று பத்து வருடம் போய்விட்டது. எப்படியும் ஊருக்குத் தெரியாமல் இருப்பது நல்லதுதானே என்று ஒரு மூலையில் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. என்னைத் தவிர யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. நீயும் அதற்குள் போனில் எல்லாவற்றையும் படித்துத் தெரிந்துகொண்டாய், ஆனால் நாம் இரண்டு பேரும் ஒரு நாள்கூட அதைப் பேசிக்கொள்ளவில்லை. பிள்ளைக் காம்பராவில் வெளுத்த குழந்தையைப் பார்த்தால் இப்போது நான் கீரைச் சாறு பிழியச் சொல்வதில்லை, ரத்தம் பார்க்கச் சொல்கிறேன். போன மாதம் ஒருத்தி, "ஒங்க வீட்டுச் சீக்க எங்க புள்ள தலையிலயும் கட்டப் பாக்குறீங்களா?" என்று குழந்தையைப் பறித்துக்கொண்டு போனாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஊரார் பிள்ளைக்குச் சொல்கிறவள் தன் வீட்டில் என்ன செய்து வைத்திருக்கிறாள் என்பது எனக்குத்தானே தெரியும்.

போன செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போய், நான் வாங்கிய சத்தியத்தை நானே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அம்மன் என்னைத் தண்டிக்கட்டும், உன்னை விட்டுவிடட்டும் என்று சொல்லியிருக்கிறேன். இனி கற்பூரத்தைக் காரணம் காட்டாதே. அடுத்து நான் செய்ததைக் கேட்டால் உனக்குக் கோபம் வரும். வரட்டும். மறுநாள் லீவு போட்டுவிட்டு, பஸ் ஏறிக் கௌசியின் ஊர் பெரகலவுக்குப் போனேன்.

கௌசி அவர்களுடைய கடையில் தனியாக இருந்தாள். "வாங்க மாமி, என்ன திடீர்னு? அம்மாவ கூப்புடவா?" என்று எழுந்து வந்தாள். கூப்பிட வேண்டாம், உன்னிடம்தான் பேச வந்தேன் என்றேன். நாலு வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஒன்றும் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவள் எனக்கு ஒரு சோடா உடைத்துக் கொடுத்து, கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். வினோ கொழும்பில் இல்லை என்பதிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். முடித்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இது அவருக்குத் தெரியுமா மாமி?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உன்னைக் காப்பாற்றியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது, பிரதீப். இத்தனை வருடப் பழக்கம், லேசில் போகுமா? "தெரியும்" என்றேன். அதுவரை தைரியமாக இருந்த பெண் அப்போதுதான் முகத்தை மூடிக்கொண்டாள். நோயைப் பற்றி அவள் அழவில்லை. ஆறு மாதமாக நீ தினமும் போனில் பேசியிருக்கிறாய், என்ன சாப்பிட்டாய் என்று வரைக்கும் கேட்டிருக்கிறாய், இதை மட்டும் சொல்லவில்லை. அதற்குத்தான் அழுதாள்.

வெள்ளிக்கிழமை அவளாகவே பதுளைக்கு வந்து ரத்தம் கொடுத்தாள். வீட்டில் துணி எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். "டெஸ்டுன்னு சொன்னா, எங்க புள்ளைக்கு என்ன கொறைன்னு அம்மா சண்டைக்கு நிப்பாங்க மாமி" என்றாள். அன்று வினோவுக்கும் ரத்தம் ஏற்றுகிற நாள், வார்டுக்கு வந்து பார்த்தாள். "நீங்க கொழும்புல வேல செய்றதா சொன்னாங்களே" என்று கேட்டாள். "ஆமாங்க அண்ணி, மாசத்துக்கு ஒருக்கா மட்டும் இங்க டூட்டி" என்றாள் உன் தங்கச்சி. இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு கௌசி வினோவின் ஊசி குத்தாத கையைப் பிடித்துக்கொண்டு, ரத்தப் பை தீரும்வரை கட்டில் ஓரத்திலேயே இருந்தாள். அவள் அண்ணி என்று கூப்பிட விட்டாள் என்பதை வைத்து நீ எதையும் முடிவு கட்டிக்கொள்ளாதே. அது வினோவுக்காகக் காட்டிய பிரியம்.

வியாழக்கிழமை ரிசல்ட் வருகிறது. அவளுக்கு இல்லை என்று வந்தால் பயமில்லாமல் கட்டிக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு நாள் பரிசோதனை செய்யுங்கள், காவி என்று வந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே சொல்லிக் கொடுங்கள். இருக்கிறது என்று வந்தால் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் பேசுங்கள். பிரிவதோ, சேர்ந்து வாழ்ந்து பிள்ளை விஷயத்தை யோசித்து முடிவெடுப்பதோ, அது உங்கள் இரண்டு பேர் பாடு. எதைச் செய்தாலும் நான் குறுக்கே வர மாட்டேன். வினோவைப் பெற்றதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அவள் ஊசிக்குக் கையை நீட்டும் ஒவ்வொரு தடவையும், முன்னாலேயே எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்திருக்கிறேன். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. கௌசிக்கு நீ இருந்தாய்.

பஸ் ஏறும்போது அவள் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "காகிதத்துல என்ன வந்தாலும் எனக்குப் பயமில்ல மாமி. ஆனா அது வர்றதுக்கு முன்னாடி அவரு வந்து அவரு வாயாலயே சொல்லணும். சொன்னா, அந்தக் காகிதத்த ரெண்டு பேருமா சேந்து பிரிக்கிறோம். வரலேன்னா, நல்ல ரிசல்ட்டே வந்தாலும் எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம். நான் சொன்னேன்னே அவருகிட்ட சொல்லுங்க."

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, உனக்கு லீவு. பண்டாரவளையில் பஸ் மாறி, அப்புத்தளை தாண்டிப் பெரகல சந்தியில் இறங்கு. கடையில் அவள் அப்பா இருந்தால் அவர் முன்னாலேயே பேசு. பூ வேண்டாம், பழம் வேண்டாம், அம்மா சத்தியம் வாங்கினாள் என்ற கதையும் வேண்டாம். எப்படித் தொடங்குவது என்று உனக்குத் தெரியாது, ஏனென்றால் நான் சொல்லித் தரவில்லை. பேசக் கற்றுக்கொடுத்தவள் நான்தான், இதையும் நானே கற்றுக்கொடுக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து இப்படிச் சொல்:

"எனக்குத் தெரியும் கௌசி. தெரிஞ்சேதான் சொல்லாம இருந்தேன்."

அம்மா